இரண்டு அரசாங்கமும் ஒரு பிள்ளையார் சுழியும்

இந்தத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மளிகைச் சீட்டு எழுதினாலும் சுழி போட்டுவிட்டுத்தான் உப்பு, புளி என்று ஆரம்பிக்கிற ஆள் நான். மூன்று வருஷமாக இந்த விஷயத்தை எழுத உட்காரும்போதெல்லாம் கை தானாகப் போய்ச் சுழியைப் போட்டுவிடும். போட்ட சுழியைப் பார்ப்பேன். பார்த்ததும் நோட்டை மூடிவிடுவேன். அந்த நோட்டில் இப்போது பதினோரு பக்கங்கள் இருக்கின்றன, பக்கத்துக்கு ஒரு சுழி, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு நான் ஏதோ வேண்டுதல் எடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, சுழி எழுதுற விரதமா இது? ஞாயித்துக்கிழமை கறி எடுக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லிருங்க."

கறி எடுக்கச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

மண்டபத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற பாதையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யா மிளகாய் போட்டார், மழை பெய்த வருஷம் சாப்பிட்டோம். பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவையில் தாண்டினேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று, நல்ல கையெழுத்து. அதனால் நகல் எடுக்க வருகிறவர்கள், "அண்ணே, அப்படியே இந்த ஃபாரத்தையும் நிரப்பிக் குடுத்துருங்க" என்பார்கள். இந்தக் கரையில் பட்டம் வாங்கிய ஒருத்தர் பாக்கியில்லை, எல்லோரையும் என் கண்ணாடி மேல் குப்புறப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் அரசாங்கம் மேல்படிப்புக்கு எவ்வளவு செய்கிறது என்பதை நான் பட்ஜெட் செய்தியில் தெரிந்துகொண்டவன் இல்லை. தாளில் தெரிந்துகொண்டவன். ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் உதவப்போகிறது என்றால் அது ஏழை என்று ஒரு தாள் வேண்டும். இன்ன சாதி என்று ஒரு தாள். இந்த ஊரில்தான் இருக்கிறது என்று ஒரு தாள். அதன் வீட்டில் இதற்கு முன்னால் யாரும் படித்துக் கெட்டுப்போகவில்லை என்று ஒரு தாள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல், நகல் உண்மையான நகல்தான் என்று ஒருவர் கையெழுத்து, கையெழுத்துப் போட்டவர் உண்மையானவர்தான் என்று ஒரு முத்திரை. கல்விக்கென்று அரசாங்கம் மடையைத் திறந்தால் முதலில் நனைவது என் கடை வாசல்தான். அதனால் நான் குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்லப்போகிறேன்.

இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். பெயின்டர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் படகில் வந்து இறங்கியபோது அவருக்கு ஆறு வயது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை தீரவில்லை. வேலை முடிந்து வருகிறபோது சட்டையில் எந்தக் கலர் இருக்கிறதோ அதைப் பார்த்து அன்றைக்கு எந்த வீட்டில் வேலை என்று சொல்லிவிடலாம். பேச்சு சாதாரணமாக எங்கள் ஊர்ப் பேச்சுதான். நாட்டைப் பற்றிய வாக்குவாதம் வந்தால் மட்டும் அக்கரைக்குப் போய்விடும், பல்கலைக்கழகம் கம்பஸ் ஆகிவிடும்.

"அண்ணை, எங்கட நாட்டில கம்பஸ் எண்டா ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அரசாங்கம் எல்லாம் பாக்கும். மாசம் செலவுக்கும் காசு குடுக்கும்."

"நீங்க அந்தக் கம்பஸ பாத்திருக்கீகளா அண்ணே?"

"நான் எங்க பாக்கிறது? நான் ஒண்டாம் வகுப்பில வந்தனான்."

"அப்ப ஒண்ணாங் கிளாஸ் படிச்சுட்டு ஒரு நாட்டோட மேல்படிப்பப் பத்தி முடிவு சொல்றீக."

"நீங்கள் பத்தாங் கிளாஸ் படிச்சிட்டுச் சொல்லேல்லையே?"

இது எங்கள் தினசரிப் பூசை. அவருடைய அக்கா மன்னார்ப் பக்கம் இருக்கிறார். அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை, அதாவது அவர்களுடைய பிளஸ் டூ, எழுதி கம்பஸுக்குத் தேர்வானவள். அந்தச் செய்தி போனில் வந்த நாளிலிருந்து பெயின்டரைப் பிடிக்க முடியவில்லை. அந்த அரசாங்கமே அவருடைய சொந்த மாமனார் வீடு போலப் பேசினார். நான் விடவில்லை. இங்கே பெண் பிள்ளைக்கு மாதாமாதம் கொடுக்கிறார்கள், பஸ் பாஸ் கொடுக்கிறார்கள், ஒரு காலத்தில் லேப்டாப்பே கொடுத்தார்கள் என்று அடுக்கினேன். என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் போலத்தான் பேசியிருப்பேன்.

ஒரு பட்ஜெட் நாளில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு நாட்டுத் தொகையையும் பிள்ளைகள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. எங்கள் நாட்டுத் தொகையை அவர் தன் போனில் அடித்தார். சைபர் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். வகுத்தலுக்குப் போகும் முன்பே போனில் இடம் தீர்ந்து, எண்களுக்கு நடுவில் E என்று ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் காட்டியது.

"அண்ணை, எழுத்து வந்திட்டுது."

"படிப்புக்கு ஒதுக்குன தொகையாச்சே, எழுத்து வரத்தான் செய்யும்."

அதற்கு மேல் எங்கள் படிப்பு போகவில்லை. ஆனால் கணக்கு தெரியாமலேயே எனக்கு ஒன்று விளங்கியிருந்தது, அதை அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அவருடைய அரசாங்கம் கல்யாணத்துக்கு நூறு பேரைக் கூப்பிட்டு, இலை நிறையப் போட்டு, கை நிறைய வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புகிறது. மிச்ச ஊர் வாசலுக்கு வெளியே நின்று மேளம் கேட்கலாம். எங்கள் அரசாங்கம் ஊரையே கூப்பிட்டு உட்கார வைக்கிறது. இலை போட்டாகிவிட்டது, தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அப்புறம் சோறு வேறு ஆளுடைய கணக்கு, அவர் கல்லாவில் இருக்கிறார், கட்டிவிட்டு வாருங்கள் என்கிறது.

"இது நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்கள் ரெண்டு கலியாணத்திலயும் சாப்பிடேல்லை" என்றார் பெயின்டர்.

அப்போது அவருடைய மகள் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்திருந்த நேரம். முகாமிலேயே பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. அப்பா பேச்சும் வரும், எங்கள் பேச்சும் வரும். என்னை மாமா என்பாள்.

"ரெண்டு பேரும் தலைக்கு எவ்வளவுன்னு வகுக்கிறீகளே," என்றாள். "என் தலைய எந்த நாட்டுல எண்ணுவீக மாமா? அப்பாட நாட்டுல நான் பொறக்கல. இங்கன பொறந்தேன், ஆனா இந்த நாட்டு ஆளுன்னு கார்டு இல்ல. ரெண்டு வகுத்தல்லயும் நான் வர மாட்டேன்."

பெயின்டர் அதற்கு ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலியாகப் பேசுகிற பிள்ளை, நாங்களும் கேலியாகவே எடுத்துக்கொண்டோம்.

அவளுக்கு ஒரே ஆசை, சிவில் இன்ஜினியரிங். அப்பா பூசுகிற சுவரைத் தான் கட்ட வேண்டும் என்பாள். மார்க்கும் இருந்தது. கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் சிவில் இடம் கிடைத்தது. கிடைத்த கல்லூரியைக் கேட்டதும் பெயின்டர் என் கடையில் வந்து உட்கார்ந்து தொடையைத் தட்டினார்.

"அண்ணை, அந்தக் காலேஜ் மதிலுக்கு மூண்டு தரம் நான்தான் பெயின்ட் அடிச்சது. 'கல்வி அனைவருக்கும்' எண்டு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்குதே, அது என்ர கை. 'க' மட்டுமே ஒரு லிட்டர் குடிச்சுது."

அந்த அனைவரில் அவர் மகள் சேர வேண்டுமென்றால் கட்டணம் கட்ட வேண்டும். முதல் வருஷக் கட்டணத்தைக் கேட்டபோது, நான் கடையை மெஷினோடு விற்றாலும் எட்டாது என்று தெரிந்தது. ஆனால் முகாம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிற உதவி ஒன்று உண்டு. விண்ணப்பித்து, உதவி ஒதுக்கிய ஆணையின் நகலை ஆவணி முதல் வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் காட்டினால் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அரசாங்கத்தைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் நிரூபணமாகிற சந்தர்ப்பம் இது. "இப்பப் பாருங்கண்ணே எங்க கவர்மெண்ட" என்றேன். படிவத்தை நானே நிரப்புவதாக வாங்கிக்கொண்டேன்.

எட்டுப் பக்கப் படிவம். முதல் பக்கத்துத் தலையில் நடுவே அரசு முத்திரை, இடப்பக்கம் துறையின் பெயர், வலப்பக்கம் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்று அச்சடித்திருந்தது. தாளின் தலையில் சுழி போட வேறு காலியிடம் இல்லை. கும்பிட்டுக்கொண்டு அந்தக் கட்டத்துக்குள் அழகாக ஒரு சுழி போட்டேன், கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

"மாமா, அதுக்குள்ள நாம எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றாள் பிள்ளை.

"பிள்ளையாருக்குத் தடை போட எந்த ஆபீஸுக்கும்மா அதிகாரம் இருக்கு?"

இது நான் சொன்ன வார்த்தை. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பெயின்டர் அப்போது வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கத்தையும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். அதை இப்போது நினைத்தாலும் கையெழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகம். எது என்று எழுத மாட்டேன், அங்கிருப்பவர்கள் என் கடைக்கும் வருகிறவர்கள். அங்கே கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆடி போனது. ஆவணி பிறந்த பிறகு முகாம் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரே வரி. தங்கள் விண்ணப்பம் உரிய முறையில் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது. என்ன முறை, எந்த இடத்தில் இல்லை என்று எதுவும் இல்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு கொடுத்திருந்தார்கள், கடிதம் வந்து சேர்ந்தபோது அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருந்தது. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அந்தக் கடிதம் எங்கெங்கே தீர்த்தமாடிவிட்டு வந்ததோ தெரியாது.

பெயின்டர் கடிதத்தை என் மேசையில் போட்டார். மகளும் கூட வந்திருந்தாள்.

"பாத்தீங்களா அண்ணை உங்கட கவர்மெண்ட? முகாம் எண்டு கண்டதும் வெட்டிட்டாங்கள். இவை எங்களுக்குச் செலவழிக்க மாட்டினம். பேப்பருக்குக் குடுப்பினம், எங்களுக்குத் தர மாட்டினம்."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்தைச் சுட்டிக்காட்டியவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, மூன்று வருஷம் விட்டுக்கொடுக்காத வாக்குவாதத்தை அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

"ஆமாண்ணே, நம்ம கவர்மெண்டு அப்பிடித்தான்" என்றேன்.

பெயின்டரே அதிசயமாகப் பார்த்தார். என் ஒரு சுழியைக் காப்பாற்ற ஒரு தேசத்தையே கைகாட்டிவிட்டேன். இதுதான் இத்தனை வருஷம் என் நோட்டை மூட வைத்தது.

புதன்கிழமை அலுவலகத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. முகாமில் அன்றைக்கு ஆள் எண்ணிப் பார்க்கிற தணிக்கை இல்லை, பெயின்டர் தாராளமாக வெளியே வரலாம். கிளம்பும் முன் கடை முக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். காரணம் வேறு ஏதாவதாக இருக்க வேண்டும், அப்படி இல்லாவிட்டால் அந்த ஆபீஸர் கண்ணில் சுழி படாமல் போக வேண்டும் என்று வேண்டினேன். பிள்ளையாரிடமே போய் அவர் சுழியை மறைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். தேங்காய் சுக்குநூறாகத்தான் சிதறியது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த எழுத்தர் நல்ல பக்திமான். நெற்றியில் பட்டை, நடுவில் குங்குமம், பின்னால் சுவரில் முருகன் காலண்டர், அதற்கு அன்றைக்கு வைத்த கதம்பம். என் மனசு லேசானது. நம் ஆள் என்று நினைத்தேன். அவர் பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, படிவத்தைத் தேடி மேசையில் வைத்தார். எட்டடி தூரத்திலிருந்தே என் சுழி தெரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"இந்தக் கட்டத்துல எழுதுனது யாரு?"

பெயின்டர் படிவத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் காலண்டரைப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றேன்.

"நீங்க அப்ளிகண்டா?"

"இல்ல சார்."

"அப்ளிகண்டோட அப்பாவா?"

"இல்ல. இவுகதான்."

"அப்ப நீங்க யாரு?"

"ஜெராக்ஸ் கடை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"தப்பா நெனைக்காதீக. எனக்கே மனசு வரல. பிள்ளையாரப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் ரிஜெக்ட் பண்ணுனேன். மேல இருந்து உத்தரவு. ஆபீஸ் பகுதியில விண்ணப்பதாரர் எதுனாச்சும் எழுதியிருந்தா அந்த ஃபாரம் செல்லாது. நாளைக்கு ஆடிட்டுல என்னையக் கேப்பாக, இந்தக் கட்டத்துல எழுதுன அலுவலர் யாருன்னு. பிள்ளையாருன்னா சொல்ல முடியும்?"

அவருடைய மேசையில் ஒரு பெரிய பதிவேடு விரித்து வைத்திருந்தது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க ரிஜிஸ்டர்லயும் மேல சுழி இருக்கு."

எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் தெளிவாகவே தெரிந்தது. அன்றைய தேதிக்கு மேலே, என்னுடையதைவிடக் கொஞ்சம் கோணலாக, அதே சுழி, அதே இரண்டு கோடு.

"அது ரிஜிஸ்டரும்மா. அதுல எழுதுறது நானு. இது கவர்மெண்டு ஃபாரம். இந்தக் கட்டத்துல ஆபீஸ்தான் எழுதணும்."

"நீங்கதான சார் ஆபீஸ்?"

"அதத்தானம்மா சொல்றேன். நான் ஆபீஸு. நீங்க இல்லல்ல."

புதுப் படிவம் தரக் கேட்டோம். கடைசித் தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். அதிகாரியைப் பார்க்கக் கேட்டோம். அவர் கூட்டத்தில் இருந்தார், கல்வி உதவிகள் மாணவர்களைச் சென்றடைவது குறித்த கூட்டம். மூன்று மணிவரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். வந்தவர் நின்றபடியே கேட்டு, எழுத்தர் சொன்னதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார்.

கிளம்பும் முன் பெயின்டர் எழுத்தரின் மேசைக்குப் போய் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், என்ர பிள்ளைக்கெண்டு ஒதுக்கின காசு இப்ப என்னாகும்?"

"செலவாகலன்னா வருஷக் கடைசியில திரும்பிப் போயிரும்."

"எங்க போகும்?"

"எங்கருந்து வந்துச்சோ அங்க."

"அப்ப பேப்பரில போடேக்க இதையும் சேர்த்துத்தானே போட்டிருப்பினம்?"

"ஒதுக்குனா ஒதுக்குனதுதாங்க. அது கணக்குல இருக்கும்" என்றார் எழுத்தர்.

அங்கேதான் எனக்கு அந்த போன் காட்டிய எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாட்டுச் சைபர்களைப் போட்டுச் சண்டை பிடித்தோமே, அந்தச் சைபர்களில் இந்தப் பிள்ளையின் சிவில் படிப்பும் ஒரு சைபராக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அவளுக்காக ஒதுக்கினார்கள் என்பது உண்மை. அவளுக்காகச் செலவழிக்கவில்லை என்பதும் உண்மை. மந்திரி முதல் உண்மையைப் படிப்பார். இரண்டாவது, சிவப்பு வட்டம் போட்டுக் கட்டுக்குள் கயிறு கட்டிக் கிடக்கும்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். பிள்ளை ஜன்னல் பக்கம், பெயின்டர் நடுவில், நான் ஓரத்தில். உச்சிப்புளி வரைக்கும் நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். படிவத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதிவிடுவேன், இதற்கு ஒன்றும் வரவில்லை.

"அண்ணை," என்றார் பெயின்டர், முன்சீட்டைப் பார்த்தபடி. "கடிதம் வந்த அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்ணே."

"பிள்ளைக்கு?"

"அதுக்கும் தெரியும்."

மகளிடம் திரும்பி, "நீ ஏனடி சொல்லேல்லை?" என்றார்.

"மாமா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள் அவள். வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு மண்டபம் ரொம்ப தூரமாகிவிட்டது. இறங்கும்போது பெயின்டர் என் தோளில் கை வைத்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எங்கட நாட்டிலயும் அப்பிடி ஒரு கட்டம் இருக்கும் அண்ணை. அது எல்லா நாட்டிலயும் இருக்கும். ஆனா அங்க அதுக்குள்ள எழுத நீங்கள் இருந்திருக்க மாட்டீங்கள்."

இதுவரை அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். நான் அதை இன்னும் சுமக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனது. கல்லூரிக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தோம். ஆணை நகல் அல்லது பணம் என்றார்கள். 'அனைவருக்கும்' எழுதியவர் மகள் என்று சொல்லியும் பார்த்தோம். எழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். சிவில் இடம் போனது. பிள்ளை ராமநாதபுரத்தில் அரசு கலைக் கல்லூரியில் மிச்சமிருந்த இடத்தில் கணிதம் சேர்ந்தாள். மூன்று வருஷம் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

அக்கரையில் அவள் அத்தை மகள், அந்த இலவசக் கம்பஸுக்குத் தேர்வானவள், என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஒரு சதம் கட்டத் தேவையில்லாத அந்தக் கம்பஸ் அவளை உள்ளே கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை, பிறகு ஸ்டிரைக். வீட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். இலவசமாகக் காத்திருந்தாள் என்று நான் பெயின்டரைச் சீண்டியிருக்கலாம். எனக்கு இனி அந்த வாக்குவாதத்தில் பேச யோக்கியதை இல்லை. அதனால் அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் கண் முன்னாலேயே இந்தக் கதை ஆளாளுக்கு ஒன்றாகிவிட்டது. முகாமில் கேட்டால், அகதிப் பிள்ளை என்று தெரிந்து இந்திய அரசாங்கம் வெட்டிவிட்டது என்கிறார்கள். நான் அன்றைக்குப் போட்ட தலையாட்டலுக்குக் கால் முளைத்து நடக்கிறது. என் ஊர்ப் பக்கம் போனால் வேறு கதை. இன்ஜினியரிங் படித்தவனெல்லாம் வேலையில்லாமல் திரிகிறான், அதனால் பிள்ளையாரே சுழியாக வந்து அந்தப் பெண்ணைத் தடுத்து ஆட்கொண்டார் என்கிறார்கள். போன மாசம் என் சொந்தக்காரர் ஒருவர் அதைக் கோயில் வாசலில் வைத்துச் சொல்லி, கேட்டவர்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சுழியைப் போட்டவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னையும் கும்பிட்டார்கள்.

நான் சாமி கும்பிடுகிறவன். அதனாலேயே சொல்கிறேன், இதைச் சாமி மேல் போடாதீர்கள். அவர் கட்டத்துக்குள் போக வேண்டும் என்று என்னிடம் விண்ணப்பம் கொடுக்கவில்லை. இப்போதும் வேலை தொடங்குமுன் சுழி போடுகிறேன், தனியாக ஒரு துண்டுத் தாளில் போட்டு மெஷின் மேல் வைத்துக்கொள்கிறேன். அவருக்கு அந்த இடம் போதுமாக இருக்கிறது.

நாலு நாளைக்கு முன் அந்தப் பிள்ளை கடைக்கு வந்தாள். பட்டம் முடித்துவிட்டாள். மேலே எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பம், கூடவே உதவித்தொகைக்கு ஒரு படிவம். நான் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே எழுதிட்டேன் மாமா. நீங்க நகல் மட்டும் எடுத்தாப் போதும்."

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் நிரம்பியிருந்தது. அலுவலகக் கட்டம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுத்தான் போனாள்.

"அம்மா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன், அவள் வாசலைத் தாண்டுமுன்.

"இப்பவும் சொல்லலாம் மாமா. எல்லாரும் வேற வேறயாச் சொல்லிக்கிட்டுத் திரியிறாக" என்றாள்.

அதனால் சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வீர்கள், சொல்லுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். என் மெஷின் பத்து வருஷமாகச் செய்கிற வேலையை நீங்களும் செய்யுங்கள். கண்ணாடி மேல் வைத்ததில் கறை இருந்தால் கறையோடு வரும், கிழிசல் இருந்தால் கிழிசலோடு வரும், அது தன் பங்குக்கு ஒரு புள்ளி வைக்காது. இந்த நாடு ஒசத்தி, அந்த நாடு ஒசத்தி என்று ஓரத்தில் எழுதிச் சேர்க்காதீர்கள். பிள்ளையார் தடுத்தார் என்று நடுவில் சொருகாதீர்கள். எழுத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை விட்டுவிடாதீர்கள். நான் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் என் மேல் இரக்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். தலையில் சுழி இல்லாமல் இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும். அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமென்றால், கணிதம் முடித்த ஒரு பிள்ளை முகாமில் இருக்கிறாள். அவளைக் கேளுங்கள்.